பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

என் மேஜை இழுப்பறையில் பழைய ஹார்டு டிஸ்க் ஒன்று கிடக்கிறது. நாற்பது பின் பட்டைக் கேபிள் காலத்து டிஸ்க். அதன் முதுகில் சிவப்பு மார்க்கரில் ‘பெயில்’ என்று எழுதியிருக்கிறது. எழுதியது நான்தான், 2011 இல். அந்த டிஸ்க்கில் ஒரு பழுதும் இல்லை என்பது சில மாதங்களிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் எழுதியதை அழிக்க மனம் வரவில்லை. இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படட்டும் என்று அப்படியே வைத்திருக்கிறேன். டிஸ்க் போன்ற சாதனங்களை இயக்கும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். அதன் நிரலைச் சுத்தம் செய்வதைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு இந்த டிஸ்க்தான் ஞாபகம் வரும். அந்தக் கதையை ஒருமுறை முழுதாக எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது கோவையில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை. கடைகளுக்கும் மில்களுக்கும் போகிற சிசிடிவி ரிக்கார்டர் செய்தோம். உள்ளே ஓடியது யாரோ எப்போதோ எழுதி, கைமாறிக் கைமாறி எங்களிடம் வந்த ஒரு குட்டி ஓஎஸ், அதாவது இயங்குதளம். அதன் டிஸ்க் டிரைவரைப் புதிய போர்டுக்கு மாற்ற வேண்டும், மாற்றும்போதே உள்ளே இருக்கிற குப்பையையும் கூட்டிவிடு என்று என்னிடம் கொடுத்தார்கள். சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டேன்.

இருபது மில்லி நொடி

டிரைவரின் மேல்பகுதியில் ஒரு சின்ன அட்டவணை இருந்தது. டிஸ்க் மாடலின் பெயர், பக்கத்தில் ஒரு கொடி (தனியாக நடத்தச் சொல்லும் குறி). அந்தக் கொடி இருந்தால், தரவு ஏதும் அனுப்பாத கட்டளைகளைக் கொடுத்த பிறகு டிரைவர் 20 மில்லி நொடி சும்மா காத்திருக்கும். அட்டவணையில் ஒரே ஒரு மாடல். பக்கத்தில் கமெண்ட்: இந்த டிஸ்க் ஃப்ளஷ் விஷயத்தில் பொய் சொல்கிறது, இதை எடுக்காதே. தேதி இல்லை. பார்த்தது என்ன, எந்த போர்டில், எந்தச் சோதனையில் என்று எதுவும் இல்லை.

ஃப்ளஷ் என்பது, டிஸ்க் தன் தற்காலிக நினைவகத்தில் (கேஷ்) வைத்திருப்பதைத் தட்டில் எழுதி முடிக்கச் சொல்லும் கட்டளை. அது எங்கள் பெட்டிக்கு உயிர்நாடி. கரண்ட் போனதும் கெப்பாசிட்டரில் மிச்சமிருக்கும் மின்சாரத்தில் ஒரு நொடிக்குள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். இன்டரப்ட்டை (வேலையின் நடுவே குறுக்கிடும் சமிக்ஞைகளை) அணைத்துவிட்டு, ஒவ்வொரு கேமராவின் இண்டெக்ஸையும் (எந்தப் பதிவு டிஸ்க்கில் எங்கே என்ற பட்டியலையும்) எழுது, கேஷை ஃப்ளஷ் செய், அடுத்த கேமராவுக்குப் போ. பதினாறு முடிந்ததும் டிஸ்க்குக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்து. ஒரு கேமராவுக்கு இருபது என்றால் பதினாறுக்கு 320 மில்லி நொடி காத்திருப்பிலேயே போகிறது. புதிய போர்டில் கெப்பாசிட்டரைச் சின்னதாக்கியிருந்தார்கள். அந்த 320 எங்களுக்குத் தேவைப்பட்டது.

சரி, எடுத்துப் பார்ப்போம் என்று எடுத்தேன். அந்த மாடலையே மாட்டி, ஒரு வாரம் முழுக்க பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அட்டவணையையே தூக்கிவிட்டு, ‘பழைய ஒர்க்அரவுண்ட் நீக்கம், இனி தேவையில்லை’ என்று கமிட்டில் (மாற்றத்தைப் பதியும் குறிப்பில்) எழுதினேன். தேவையில்லை என்று எப்படித் தெரியும் என்பதை நானும் எழுதவில்லை.

பதினாறாவது கேமரா

இரண்டு மாதத்தில் சர்வீஸ் பையன்களிடமிருந்து போன் வர ஆரம்பித்தது. அது தமிழ்நாட்டில் தினமும் கரண்ட் போன காலம். கரண்ட் போய் வந்தால் கடைசிச் சில நிமிடப் பதிவு காணவில்லை என்றார்கள். எல்லாக் கேமராவிலும் இல்லை, ஏதோ ஒன்றில் மட்டும். டிஸ்க் பழுது என்று நாங்களே சொன்னோம். கழற்றிக்கொண்டு வரச் சொல்லி, முதுகில் ‘பெயில்’ எழுதி, வாங்கிய இடத்துக்குத் திருப்பி அனுப்பினோம். பதினொரு டிஸ்க். ஒன்பதை மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டுக்கு வாரண்டி முடிந்திருந்தது. அந்த இரண்டு கடைக்காரர்களும் கையிலிருந்து காசு போட்டுப் புது டிஸ்க் வாங்கினார்கள். அதில் ஒன்றுதான் என் இழுப்பறையில் இருப்பது.

அட்டவணையைத் திருப்பிப் போட்டேன். அந்த மாடல் இருந்த பெட்டிகளில் புகார் நின்றது. அப்படியானால் கமெண்ட் எழுதியவர் சொன்னது சரிதான், அந்த டிஸ்க் பொய்தான் சொல்கிறது என்று நம்பினேன். அடுத்த மாதம் இன்னொரு கம்பெனியின், வேறொரு மாடல் டிஸ்க்கில் அதே புகார் வந்தது. மேலாளர், “அதையும் லிஸ்ட்ல சேர்த்துரு, இந்த வாரம் லோடு போகணும்” என்றார். சேர்த்தேன். கதை முழுவதிலும் என்னை இன்றும் குத்துவது இந்த இடம்தான். முதல் பெயரை வேறொருவர் எழுதினார். இரண்டாவது பெயரை என் கையால் எழுதினேன். இரண்டு கம்பெனியும் ஒரே பொய்யை ஒரே மாதிரி சொல்லுமா என்று அப்போதே நின்று யோசித்திருக்க வேண்டும்.

யோசிக்க வைத்தவர் திருப்பூரில் இருந்த ஒரு சர்வீஸ்காரர். பேச்சோடு பேச்சாக, “எப்பப் பார்த்தாலும் பதினாறாம் நம்பர் கேமராதானுங்க போகுது, அது என்னங்க கணக்கு?” என்றார். பழைய புகார்ச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். கேமரா எண் குறித்திருந்த ஒவ்வொன்றிலும் பதினாறுதான். எங்கள் சோதனை மேஜையில் நான்கு கேமராக்கள்தான் மாட்டியிருந்தோம். பதினாறாவது இடம் காலி. காலி இடத்தின் இண்டெக்ஸ் தொலைந்தால் யாருக்குத் தெரியும்? நான் ஒரு வாரம் பிளக்கைப் பிடுங்கியதெல்லாம் வீண்.

டிரைவரில் நேரத்தைக் குறித்துவைக்கும் வரிகளைப் போட்டேன். ஃப்ளஷ் கட்டளை போன நேரம், முடிந்துவிட்டது என்று டிரைவர் நினைத்த நேரம். இடைவெளி இரண்டு மைக்ரோ நொடி. அந்த எண்ணை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று தெரியாது. நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் தட்டு அது. ஒரு சுற்றுக்கே 11 மில்லி நொடி ஆகும். எழுதுவதற்குத் தரவு இருக்கும்போது இரண்டு மைக்ரோ நொடியில் ஃப்ளஷ் முடிய வழியே இல்லை. டிஸ்க் தன் நிலையைச் சொல்லும் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் வந்த மதிப்பு ஹெக்ஸில் (பதினாறடி எண்முறையில்) 50. டிஸ்க் சும்மா இருக்கிறது, தயார் என்று பொருள். வேலையில் இருக்கிறேன் என்று காட்டும் பிஸி பிட் எழவே இல்லை.

பதினாறுக்கும் விடை கிடைத்தது. ஒவ்வொரு கட்டளைக்கு முன்னும் டிஸ்க் பிஸியாக இருக்கிறதா என்று டிரைவர் பார்க்கும். முதல் கேமராவின் ஃப்ளஷை முடிக்காமலே முடிந்ததாக நினைத்தாலும், இரண்டாவது கேமராவை எழுதப் போகும்போது காத்துநிற்கும். இப்படி ஒவ்வொரு தப்பையும் அடுத்தடுத்த கேமரா சரிக்கட்டிக்கொண்டே வந்தது. பதினாறாவதுக்குப் பிறகு சரிக்கட்ட யாரும் இல்லை. நேராக மின்சாரத்தை நிறுத்திவிடுவோம்.

லினக்ஸின் பட்டியல்

மற்றவர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க, லினக்ஸ் ஓஎஸ்ஸில் டிஸ்க்குகளைக் கையாளும் லிப்ஏடிஏ என்ற பகுதியின் நிரலைத் திறந்தேன். ஜெஃப் கார்ஸிக் என்ற நிரலர் தொடங்கியது. எங்களுடையதைப் போன்ற அட்டவணை அங்கேயும் உண்டு, ஆனால் மிக நீளமானது. மாடல், ஃபர்ம்வேர் (டிஸ்க்கின் உள்மென்பொருள்) பதிப்பு, கொடி என்று வரிசை வரிசையாகப் போகும். அதன் முதல் பகுதிக்கு மேலே ஒரு கமெண்ட் இருக்கிறது. லினக்ஸின் கீழ் டிஎம்ஏ (சிபியு தலையிடாமல் நினைவகத்துக்கு நேரே தரவு போகும் முறை) தொடர்பான சிக்கல் உள்ள சாதனங்கள் என்பது அதன் பொருள். ‘லினக்ஸின் கீழ்’ என்ற அந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்தது. கெட்ட டிஸ்க்குகள் என்று எழுதவில்லை. எங்களோடு சேர்ந்தபோது இவற்றில் சிக்கல் வந்தது என்கிறார்கள், அவ்வளவுதான். குற்றம் யாருடையது என்று அவர்களுக்கு உறுதியாகத் தெரியாத இடத்தில் அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்.

உறுதியாகத் தெரிந்த இடத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறார்கள். சீகேட்டின் 1.5 டெராபைட் டிஸ்க் ஒன்றில், எஸ்டி15 போன்ற சில ஃபர்ம்வேர் பதிப்புகளில் மட்டும், என்சிக்யூவும் (பல கட்டளைகளை வரிசையில் வைத்து முடிக்கும் வசதி) கேஷ் ஃப்ளஷும் சேர்ந்தால் சிக்கல். அங்கே பதிப்பு எண்ணையே குறிப்பிட்டு, என்சிக்யூவை அணைத்து, ஃபர்ம்வேரை மாற்றிக்கொள் என்று பயனருக்கு எச்சரிக்கையும் காட்டுகிறார்கள். ஃபர்ம்வேரை மாற்றினால் அந்த வரி அந்த டிஸ்க்கை விட்டுவிடும். பழி எதுவரை, எங்கே முடிகிறது என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிகிறது.

டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் சிலிக்கான் இமேஜ் கம்பெனியின் சிப்களுக்கான டிரைவரில் இன்னொன்று பார்த்தேன். சில சீகேட் டிஸ்க்குகளோடு சேர்ந்தால் எழுதுவதில் பிழை வருவதால், ஒரே கட்டளையில் 15 செக்டருக்கு மேல் அனுப்பாதே என்ற கட்டுப்பாடு. அதாவது 7,680 பைட். வேகம் படுத்துவிடும். அதனால் அதை எல்லாருக்கும் போடாமல், எந்த சிப், எந்த மாடல் என்று பெயர் சொல்லிச் சுருக்கியிருக்கிறார்கள். காரணம் தெரியாத மற்றச் சிக்கல்களுக்கு அதே கட்டுப்பாட்டைப் பயனரே போட்டுக்கொள்ள ஒரு விருப்பம் வைத்து, அதன் விளக்கத்தில் இது சம்மட்டி என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். எங்கள் இருபது மில்லி நொடியும் சம்மட்டிதான். எங்கள் கமெண்டில் அது தெரியவில்லை. அங்கே இருந்தது ஒரு தீர்ப்பு.

இரண்டு வரி

அப்படியே கீழே போய்க்கொண்டிருந்தபோது ஒரு சிறிய ஃபங்ஷன் வந்தது. அதன் வேலை கட்டளை கொடுத்த பிறகு கொஞ்சம் நிறுத்துவது. இரண்டே வரி. முதல் வரி மாற்று ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரை ஒருமுறை படித்து, வந்த மதிப்பைத் தூக்கி எறிகிறது. இரண்டாவது வரி 400 நானோ நொடி காத்திருக்கிறது. அந்த 400 எனக்குத் தெரியும். கட்டளையை வாங்கிய டிஸ்க் பிஸி பிட்டை எழுப்ப அதற்குள்ள அவகாசம் அது, டிஸ்க்குகளுக்கான ஏடிஏ தரவிதியில் இருப்பது. எங்கள் டிரைவரிலும் இருந்தது. ஆனால் முதல் வரி எங்களிடம் இல்லை. படித்து எறிவதற்கு எதற்குப் படிக்க வேண்டும்?

விடை பிசிஐயில், அதாவது சிபியுவையும் சாதனங்களையும் இணைக்கும் பாதையில் (பஸ்), இருந்தது. சிபியு ஒரு ரெஜிஸ்டரில் எழுதினால் அது உடனே சாதனத்துக்குப் போய்விடும் என்று இல்லை. நடுவில் பாலமாக இருக்கும் பிரிட்ஜ் சிப் அதை வாங்கித் தன் பஃபரில் வைத்துக்கொண்டு, சரி, நீ போ என்று சிபியுவை அனுப்பிவிடும். பெட்டியில் தபால் போட்டது மாதிரி. போட்டாயிற்று என்பதற்கும் போய்ச் சேர்ந்தாயிற்று என்பதற்கும் நடுவில் நேரம் இருக்கிறது. எங்கள் டிரைவர் தபாலைப் போட்டவுடனே 400 நானோ நொடியை எண்ணத் தொடங்கியது. எண்ணி முடித்தபோது கட்டளை இன்னும் பஃபரில்தான் இருந்தது. அப்புறம் ஸ்டேட்டஸைப் படித்தது. படிக்கும் வேலை பஸ்ஸில் போகும்போது முன்னால் காத்திருக்கும் எழுதும் கட்டளைகளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்பது விதி. ஆக, கட்டளை டிஸ்க்கைத் தொட்ட மறுகணமே, பிஸி பிட்டை எழுப்ப அவகாசமே தராமல், முடித்துவிட்டாயா என்று கேட்டிருக்கிறோம். டிஸ்க், தான் இன்னும் தொடங்கவில்லை என்ற உண்மையைச் சொன்னது. நாங்கள் அதை முடித்துவிட்டேன் என்று வாசித்தோம்.

சில டிஸ்க்குகள் பிஸி பிட்டை மிகச் சீக்கிரம் எழுப்பும். அவை எங்கள் தப்பில் மாட்டாமல் தப்பின. கொஞ்சம் நிதானமாக, ஆனால் தரவிதி தந்த 400க்குள்ளேயே எழுப்பிய இரண்டு மாடல்கள் மாட்டிக்கொண்டன. விதிப்படி நடந்தவற்றின் பெயர் அட்டவணையில். விதியைத் தப்பாக எண்ணியது நாங்கள்.

எங்கள் டிரைவரிலும் அந்தப் படித்து எறியும் வரியைச் சேர்த்தேன். அட்டவணையில் இருந்த இரண்டு பெயரையும் எடுத்தேன். இந்த முறை பதினாறு கேமராவையும் மாட்டி இருநூறு தடவை கரண்டை நிறுத்தினேன். பதினாறாவது கேமராவின் கடைசி இண்டெக்ஸ் இருநூறு தடவையும் இருந்தது.

அன்று சாயங்காலம், அந்த கமெண்டை எழுதியவரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். வேலையை விட்டுவிட்டு ஊரில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்ப லோடு நிக்குதுன்னு தலைக்கு மேல நின்னாங்க தம்பி. அஞ்சு வெச்சுப் பார்த்தேன், பத்து வெச்சுப் பார்த்தேன். இருபது வெச்சா போதும்னு தோணுச்சு, விட்டுட்டேன். கமெண்ட்டுல ஏதாச்சும் எழுதோணுமில்லீங்க, டிஸ்க்கு பொய் சொல்லுதுன்னு எழுதிட்டேன்” என்றார். பிறகு, “ரெண்டு வரிதானா?” என்று கேட்டார். “ஒரு வரிதாங்க சார், இன்னொண்ணு நம்மகிட்ட இருந்துச்சு” என்றேன்.

பெயரை எழுதுவதற்கு முன்

2015 இல் இதே மாதிரி ஒன்று ஊரறிய நடந்தது. அல்கோலியா என்ற தேடல் நிறுவனத்தின் சர்வர்களில் கோப்புகளின் நடுவே பூஜ்ஜியங்கள் நிரம்பின. இனி தேவையில்லாத இடங்கள் எவை என்று டிஸ்க்குக்குச் சொல்லும் டிரிம் கட்டளையோடு அது சம்பந்தப்பட்டிருந்தது, சாம்சங் எஸ்எஸ்டிகளில் (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்குகளில்) நடந்தது. எஸ்எஸ்டிதான் காரணம் என்று அவர்கள் ஜூன் மாதம் விரிவாக எழுதினார்கள், அது எங்கும் பரவியது. சாம்சங் பொறியாளர்கள் உட்கார்ந்து தேடினார்கள். ஜூலையில் விடை வந்தது. பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு 0 அமைப்பில் டிரிம் கோரிக்கையைத் துண்டு போடும்போது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் பிழை, எஸ்எஸ்டி சொன்னதைத்தான் செய்தது. கெர்னலில் திருத்தினார்கள். அதே சாம்சங் வரிசையின் பெயர் லிப்ஏடிஏ பட்டியலில் இன்றும் இருக்கிறது, ஆனால் அது வரிசையில் நிறுத்தி அனுப்பும் டிரிம் என்ற வேறொரு விஷயத்துக்காக. ஒரு சாதனம் ஒன்றில் தப்பு செய்தது என்பதற்காக இன்னொன்றிலும் அதுவே குற்றவாளி ஆகிவிடாது. ஆனால் பெயர் ஏற்கெனவே கெட்டிருந்தால் மேற்கொண்டு யாரும் தேடுவதில்லை. அது பொறியாளர்களுக்கும் பொருந்தும், எனக்கும் பொருந்தியது.

2024 இல் லினக்ஸ் 6.9 வந்தபோது இன்னொரு விதமாகப் பார்த்தேன். டிஸ்க்கைக் கணினியோடு சேர்க்கும் சாட்டா இணைப்பை மின்சிக்கன நிலைக்குக் கொண்டுபோவது அதுவரை குறிப்பிட்ட சில கன்ட்ரோலர்களுக்கு (அந்த இணைப்பை நடத்தும் சிப்களுக்கு) மட்டும் என்று ஒரு பட்டியல் இருந்தது. அந்தப் பட்டியலை நீக்கிப் பொதுவாக்கினார்கள். நல்ல சுத்தம்தான். சில வாரங்களில், அந்த நிலையைத் தாங்காத சில எஸ்எஸ்டிகள் வெளியே தெரிந்தன. அவற்றின் பெயர்கள் டிஸ்க் பட்டியலில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. சுத்தம் செய்ததால் உடைந்தது என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அதுவரை கன்ட்ரோலரின் பெயருக்குப் பின்னால் ஒளிந்திருந்த சிக்கல், உரிய டிஸ்க்கின் பெயருக்கு வந்தது. அதே வருடம்தான் லிப்ஏடிஏவில் இந்தக் கொடிகளின் பெயரையே மாற்றினார்கள். வாந்தியைக் குறிக்கும் ஆங்கிலக் கொச்சையிலிருந்து பிறந்த ‘ஹார்க்கேஜ்’ போய் ‘குவிர்க்’ வந்தது. தனிப்பட்ட சுபாவம் என்று சொல்லலாம். பெயர் மாற்றுவதெல்லாம் வெறும் ஒப்பனை என்ற கருத்து எனக்கு இல்லை. வசவாக இருந்தது குறிப்பாக மாறியிருக்கிறது.

ஏன் இருக்கிறது என்று தெரியாத கோடைத் தொடாதே என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதோடு நான் உடன்படவில்லை. தொடாமல் விட்டதால்தான் எங்கள் அட்டவணையில் இரண்டாவது பெயர் ஏறியது. தெரியாமல் எடுத்ததும் தப்பு, தெரியாமல் திருப்பிப் போட்டதும் அதே தப்பு. முட்டுக் கொடுத்திருக்கும் கம்பை உருவுவதற்கு முன்னால் சுவர் எங்கே சாய்கிறது என்று பார்க்க வேண்டும், பார்க்கத்தான் வேண்டும். இப்போது என்னிடம் யாராவது அட்டவணையில் ஒரு மாடலைச் சேர்க்கும் பேட்ச் கொண்டுவந்தால், டிஸ்க்கைப் பற்றி அதில் எழுதியிருப்பதை எல்லாம் அடித்துவிட்டு, நீ கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது என்பேன். எந்த போர்டு, எந்தக் கட்டளை, ஸ்டேட்டஸில் என்ன வந்தது, எத்தனை மைக்ரோ நொடியில் வந்தது. காரணம் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதட்டும். பத்து வருடம் கழித்து அதைத் திறக்கிறவருக்கு அந்த ஒரு சொல் போதும், தேடுவதற்கு.

அந்த இரண்டு கடைக்காரர்களுக்கும் நடந்ததைச் சொல்லி, பணத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்தேன். அதற்கு மேலாளரிடம் மூன்று முறை பேச வேண்டியிருந்தது. ஒருவர் பழைய டிஸ்க்கை, “நீங்களே வெச்சுக்கோங்க, எனக்கெதுக்கு” என்று சொல்லிவிட்டார். அதைத் திருத்திய டிரைவரோடு மாட்டி, ஒரு செக்டர் எழுதி, ஃப்ளஷ் கொடுத்துப் பார்த்தேன். முதல் வாசிப்பிலேயே பிஸி பிட் எழுந்து நின்றது. அது இறங்க 11.4 மில்லி நொடி ஆயிற்று. ஏறத்தாழ தட்டு ஒரு சுற்று.